மறுகா பாப்பம்

எங்கள் ஹோட்டலில் டியூட்டி அட்டவணையைப்
பென்சிலால்தான் எழுதுவார்கள்,
லோன்றிக் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில்.
பேனையால் எழுதியது ஒன்றே ஒன்று:
பிந்தி வந்தால் அரைநாள் சம்பளம் இல்லை.

பாசிக்குடாவில் கடல் எல்லாருக்கும் ஒன்றுதான்,
முழங்கால் நனைய வெகுதூரம் நடக்கலாம்.
அறைகள் அப்படி இல்லை.
ஒன்று முதல் பன்னிரண்டு கடலைப் பார்க்கும்,
தலையணைக்குக் கீழே டொலர் இருக்கும்.
மற்றது ஜெனரேட்டரைப் பார்க்கும்,
தலையணைக்குக் கீழே தலைமயிர் இருக்கும்.

எந்த அறை யாருக்கு என்பது
கோணேசராசா சேரின் பென்சிலில்.
லீவு கேட்டால், "மறுகா பாப்பம்."
சேவிஸ் சாஜ் குறையுதே என்றால், "மறுகா பாப்பம்."
வயிற்றுநோவில் படியில் குந்தியிருந்த செல்வமதியிடம்
"நடிக்காத. எழும்பு. மறுகா பாப்பம்."
எங்கள் ஊர்ச் சொல்தான் அது.
எங்கள் வீடுகளில் அதற்குப் பின்னால் ஏதாவது வரும்:
மறுகா மழை பெஞ்சது, மறுகா அவன் வந்தான்.
சேரின் வாயில்
அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி?
இரண்டு வருசம் கடற்பக்கம் என்னுடையது.
திங்கட்கிழமைகளில் சந்திவெளியிலிருந்து
ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுபோவேன்,
பஸ்ஸில் மடியில் வைத்து, சிந்தாமல்.
"எங்கட பிள்ளை" என்பார்.
அந்த எங்கடவுக்குள் யார் யார் இல்லை என்று
நான் எண்ணிப் பார்க்கவில்லை.
தெரியாமல் நடந்தது என்று சொல்ல ஆசைதான்.
தெரிந்துதான் நடந்தது.

போன சித்திரையில் ஏழு துவாய் குறைந்தது.
பெரிய வெள்ளைத் துவாய், ஓரத்தில் நீலத் தையல்.
ஓட்டமாவடி பஸ்மியாவின் தலையில் போட்டார்கள்.
எல்லாரும் சாப்பிடும் மேசையில்
அவளின் பையைக் கொட்டினார்கள்.
சோற்றுப் பெட்டி,
பிள்ளையின் இருமல் மருந்து,
நாலாக மடித்த தொழுகைப் புடவை.
"வீட்ட கொண்டு போயிருப்பாள்" என்றார் சேர்.
சாட்சிக் கையெழுத்து என்னுடையது.
அந்த ஏழையும் சேரின் காரில்,
பின்சீட்டில், மகளின் நீச்சல் உடுப்புக்குக் கீழே
பார்த்த கண்ணும் என்னுடையது.

தையில் ஒரு புதுப்பிள்ளை வந்தாள்.
மாமன் ஆரோ தலைமைக் கந்தோரிலாம்.
அடுத்த தாளில் என் பேர் பதினெட்டில் கிடந்தது.
என்ன பிழை என்று யாரும் சொல்லவில்லை.
தயிர்ச் சட்டியைத் திறக்காமலே
காவலாளியிடம் நீட்டினார்.
மற்றப் பிள்ளைகள் சிரிக்கவில்லை, பாவம் பார்க்கவுமில்லை.
வாங்கில் கொஞ்சம் அரக்கி இடம் விட்டார்கள்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

நேற்று இரண்டாம் டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில்
பஸ்மியா இருந்தாள்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள்,
தோளில் பிள்ளை நித்திரை.
"இன்னும் கடப்பக்கம்தானா?" என்று கேட்டாள்.
கோபம் இல்லை.
உங்கட பக்கம் மழையா என்று கேட்பதுபோல.
ஓம் என்று பொய் சொன்னேன்.

இன்று கூட்டம்.
"ஆருக்கும் ஏதாச்சும் சொல்ல இரிக்கா?"
வழக்கத்தில் எல்லாரும் ஏசியைப் பார்ப்போம்.
"ஏழு" என்றேன்.
"என்ன ஏழு?"
"துவாய், சேர். உங்கட கார்ல."
புதுப்பிள்ளை தன் நகத்தைப் பார்த்தாள்.
சேர் கொப்பியை மூடினார்.
முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

பின்னேரம் போய்ப் பார்த்தேன்.
பதினெட்டில் என் பேர் இல்லை.
எங்கேயும் இல்லை.
அழிறப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து
கதவின் பச்சை தெரிந்தது.

வாழைச்சேனையில் இறங்கி
வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் போகவிட்டேன்.
எதிர்ப்பக்கம் வந்து நின்றேன்.
இரண்டு வருசம் பக்கத்துப் பக்கத்தில் கட்டில் விரித்தோம்.
ஓட்டமாவடிக்கு டிக்கெட் எவ்வளவு என்றுகூட
எனக்குத் தெரியாது.